ஃபுல் டேங்க் குணசேகரன்

எங்க மாப்ள குணசேகரனைப் பத்தி காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்துல கேட்டீங்கன்னா, "இன்ஜின்ல காது வச்சாப் போதும், என்ன கோளாறுன்னு சொல்லிடுவாரு"ம்பாங்க. வீட்டுல கேட்டீங்கன்னா, என் தங்கச்சி மலர்க்கொடி, "அந்தக் காரைத்தான் கேக்கணும், எனக்கென்ன தெரியும்"பா. ரெண்டும் நெசம்தான். நான் அருள்ராஜ். அவன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவன், அப்பறம் தங்கச்சியையும் கட்டிக் குடுத்தவன். கோட்டுச்சேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். சொல்றதுல காரம் கூடக்கொறைச்சலா இருந்தா பொறுத்துக்கங்க.

இவன் கிளிஞ்சல்மேட்டுக்காரன். அப்பா, சித்தப்பா எல்லாம் கடலுக்குப் போனவங்க. இவனுக்குப் படகு கொஞ்சம் ஆடினாலே வயித்தைப் பெரட்டிடும். பதினாறு வயசுலயே கரையில ஒக்காந்து விசைப்படகு இன்ஜின் வேலை கத்துக்கிட்டான். முப்பத்திமூணு வருஷமா அதே வேலைதான். யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அவன் பேசவேண்டியதையும் சேத்து நான்தான் பேசிக்கிட்டுத் திரியறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால ஒரு டாக்டர் வீட்டுல பழைய ஃபியட் லீனியா ஒண்ணு ஓடாம நின்னுச்சு. இத்தாலிக் கம்பெனி கார், டர்போ வச்சது. ரிப்பேர் பாக்கப் போனவன் பைபாஸ்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கான். திரும்பி வந்து, "முதுகுல கையை வச்சு யாரோ தள்ளுன மாதிரி இருந்துச்சு மச்சான்"னு சொன்னான். அன்னைக்கு முழுக்க சிரிச்ச முகம். மாசம் முடியறதுக்குள்ள அந்தக் கார் இவன் கொட்டகைக்கு வந்துடுச்சு.

பின் சீட்டைக் கழட்டுனான், ஏசியைக் கழட்டுனான், கதவு உறையைக்கூட விடல. உள்ள இரும்புக்கூண்டு போட்டான். காரைத் தரையோட தரையா எறக்கி, சைலன்ஸரை மாத்தி, கோயம்புத்தூர்லேருந்து ஆள் வரவச்சு இன்ஜின் கம்ப்யூட்டரையும் மாத்துனான். எல்லாம் எதுக்கு? சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்ல வருஷத்துக்கு ஒரு தடவை, நம்மள மாதிரி சொந்தக் காசுல ஆசைக்கு ஓட்டறவங்களுக்கு ஒரு பந்தயம் வைக்கறாங்க. மாத்தி அமைச்ச பழைய கார்களுக்குன்னு அதுல ஒரு பிரிவு. அதுல ஓடணும், அவ்வளவுதான் இவன் ஆசை. ஜெயிக்கணும்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

அந்த ஓடறதுலதான் சிக்கல். காலையில ரெண்டு தடவை நேரம் எடுப்பாங்க. யார் சீக்கிரம் சுத்தி வர்றாங்களோ, அதுல முதல் இருபது பேருக்குத்தான் சாயங்காலம் பந்தயம். மத்தவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். இவன் நாலு வருஷம் போனான். இருபத்திரெண்டு, இருபத்திமூணு, இருபத்தொண்ணு, மறுபடி இருபத்திரெண்டு. நாலு தடவையும் வேலிக்கு வெளியில நின்னு அடுத்தவன் பந்தயத்தைப் பாத்துட்டுத் திரும்புனோம்.

இந்த வருஷம் ஒரு அறிவிப்பு போட்டாங்க. பழைய கார் பிரிவு இதோட சரி, அடுத்த வருஷம் கிடையாது. புதுக் கார் வாங்கி ஓட்ட இவனுக்கு வசதியும் இல்ல, வயசும் நாப்பத்தொன்பது. ஆக, இந்தத் தடவை உள்ள போனாத்தான் உண்டு.

காரை ஐஸ் லாரியில ஏத்திக்கிட்டுப் பொறப்பட்டோம். போற வழியில பங்க்ல நிறுத்தி, லாரி மேல நின்ன காருக்கு டேங்கு நிறைய பெட்ரோல். அது எங்க ஊர் வழக்கம். பூவம் தாண்டினா தமிழ்நாடு, அங்க பெட்ரோல் விலை கூட. டேங்கை நிரப்பாம காரைக்கால்காரன் எவனும் எல்லை தாண்டமாட்டான். அதுக்கு மேல இவன் துறைமுகத்து ஆளு. அரை டேங்கோட படகைக் கடலுக்கு விட்டா அது பாவம்னு வளந்தவன். "கழுத்து வரைக்கும் அடிப்பா"ன்னு பங்க் பையன்ட்ட சொன்னது நான்தான். நாலு வருஷமும் நான்தான் சொன்னேன்.

காலையில முதல் ரவுண்டுல இவன் இருபத்தொண்ணு. இருபதாவது இடத்துல ஓவியான்னு ஒரு பொண்ணு, அதுவும் லீனியாதான். செங்கல்பட்டு, இருபத்தாறு வயசு. ரெண்டு பேருக்கும் அரை நொடிதான் வித்தியாசம். ரெண்டாவது ரவுண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அது எங்ககிட்ட ஓடி வந்துச்சு.

"அண்ணே, பெட்ரோல் கேனை எங்காளு வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டான். வெளியில போய்ட்டு வர நேரமில்ல. ஒரு எட்டு லிட்டர் கிடைக்குமா?"

நான் மாப்ளயைத் தனியா இழுத்துட்டுப் போனேன். "டேய், மத்தவன் தருவான்டா, நீ சும்மா இரு. அந்தப் பொண்ணு ஓடலைன்னா உனக்கு எவ்வளவு லேசு தெரியுமா"ன்னேன். கேவலமான பேச்சுதான், ஒத்துக்கறேன். அப்ப எனக்கு அவன் உள்ள போகணும், வேற ஒண்ணும் தெரியல.

"நடுக்கடல்ல டீசல் கேட்டா இல்லேம்பாங்களா மச்சான்"னுட்டு, டியூபை டேங்குல விட்டு வாயால உறிஞ்ச ஆரம்பிச்சுட்டான். இருபது லிட்டர் கேன் நிறைஞ்சுது. அதைத் தூக்கிட்டுப் போய் அவனே அந்தக் காருக்கு ஊத்துனான். ஓவியா அந்தப் பக்கம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டிருந்துச்சு. எட்டுதான் கேட்டுச்சு, இவன் இருபதையும் ஊத்திட்டான். குடுக்கறதைக் கொறைச்சுக் குடுத்துப் பழக்கமில்லாத பய.

ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு பட்டியலை ஒட்டுனாங்க. இருபது, குணசேகரன். இருபத்தொண்ணு, ஓவியா.

திரும்பிப் பாத்தா அந்தப் பொண்ணு எங்களை நோக்கி விறுவிறுன்னு வருது.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"ஒரு கேன்மா. இருபது."

"எட்டுதானே அண்ணே கேட்டேன். அஞ்சாறு சுத்துக்கு எதுக்கு அவ்வளவு? காரை ஒரு நொடி பின்னுக்கு இழுக்குது." சொல்லிக்கிட்டே வந்தது சட்டுன்னு நின்னுச்சு. "நீங்க எவ்வளவு வச்சுக்கிட்டு ஓட்டுவீங்க?"

"ஃபுல் டேங்க்."

"எப்பவுமா?"

"நாலு வருஷமா"ன்னான்.

அது தரையில உக்காந்துடுச்சு. கோவப்படறதா சிரிக்கறதான்னு தெரியாம முகத்தை மூடிக்கிச்சு. அப்பறம் நிதானமா எடுத்துச் சொல்லுச்சு. பந்தயத்துக்கு வர்ற எவனும் ஓடற சுத்துக்கு மேல ஒரு சொட்டு வச்சுக்கமாட்டானாம். முப்பது கிலோவுக்கு மேல சுமையை ஏத்திக்கிட்டு இவன் சுத்திக்கிட்டிருந்திருக்கான். டேங்க் பாதி காலியா ஓடுன மொத தடவையே உள்ள வந்துட்டான். பின் சீட்டைக் கழட்டி, கதவு உறையைக் கழட்டி, கிலோ கிலோவா எடை கொறைச்ச பய, பங்க்ல அத்தனையையும் திருப்பி ஏத்தியிருக்கான்.

எனக்கு என்னையே அறையணும்போல இருந்துச்சு. ஓட்டப்பந்தயம்னா பசங்களை ரெண்டு இட்லிக்கு மேல தொடவிடாதவன் நான். மூணாவது இட்லிக்குக் கை நீட்டுனா அடிப்பேன். அந்த நான், பக்கத்துல நின்னு கழுத்து வரைக்கும் அடிக்கச் சொல்லியிருக்கேன். நாலு வருஷம் அவன் வெளியில நின்னதுக்கு நானும் காரணம். அவன்ட்ட அதைச் சொன்னேன். "விடு மச்சான், எனக்கே தோணல"ன்னான்.

ஆனா அவன் முகம் தெளியல. "என்னால உன் இடம் போச்சும்மா. நான் வெலகிக்கறேன், வெலகுனா அடுத்த ஆளு நீதான்"னு கெளம்பிட்டான். அவன் சொன்னா செய்யற ஆளு.

ஓவியா அவன் கையைப் பிடிச்சு நிறுத்துச்சு. "பெட்ரோல் அளவைப் பாக்காம வண்டியை எடுத்தது என் தப்புண்ணே. உங்க தப்பு இல்ல. நான் இன்னும் இருபது வருஷம் ஓட்டுவேன். போங்க, போய் ஓட்டுங்க. பத்து லிட்டர் மட்டும் வச்சுக்கங்க."

மிச்சத்தை அதுவே உறிஞ்சி எடுத்துச்சு. சாயங்காலம் பெல்ட்டையும் அதுதான் மாட்டிவிட்டுச்சு.

எட்டு சுத்து. இவன் கடைசி வரிசையில கெளம்பி, கடைசி ஆளா வந்து சேந்தான். இருபதுல இருபதாவது. ஒருத்தனையும் முந்தல. கார்லேருந்து எறங்குனப்ப சட்டை பிழியறாப்ல வேர்த்திருந்துச்சு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் அழுதுட்டேன். பி.டி. வாத்தியாரு அழுததை அங்க நாலு பேர் பாத்தாங்க, பாக்கட்டும்.

மலர்க்கொடிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எத்தனாவது?"

"இருபதாவது."

"மொத்தம் எத்தனை பேரு?"

"இருபது."

"அப்ப, ஓட விட்டாங்களா?"ன்னா.

"எட்டு சுத்தும் ஓடுனான்."

போனைக் கையிலயே வச்சுக்கிட்டு அவ வாசலுக்கு ஓடியிருக்கா. பக்கத்து வீட்டு அல்லிக்காகிட்ட சொல்றது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. "அக்கா, அவங்க இருபதாவதா வந்திருக்காங்க. இருபது பேரு ஓடுனாங்களாம்." அந்தக்கா பாவம், "போவுது விடும்மா, மனசத் தளர விடாத"ன்னு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

"இல்லக்கா, உங்களுக்குப் புரியல"ன்னு இவ அழுதுக்கிட்டே சொல்றா. "இருபதாவதுக்கா."