பர்வதமலைக்கு ஒரு விண்ட்சீட்டர்

புவனேஸ்வரி அக்காவின் வேலை மடிப்பது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் முதல் மாடியில், கல்யாணப் பட்டுப் பிரிவில் இருக்கிறார். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் முப்பது நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லும். ஒன்றை எடுக்கும், சில சமயம் ஒன்றும் எடுக்காது. அவர்கள் எழுந்து போனதும், பாயில் குவிந்து கிடப்பதையெல்லாம் பழைய மடிப்புக் கோடு பிசகாமல் மடித்து அடுக்க வேண்டும். கோடு தப்பினால் ஜரிகை சுருங்கி நிற்கும், விற்காது.

அந்தப் பழக்கம் கடையோடு நிற்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து மடிப்பார். பஜ்ஜி சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தைக்கூட நான்காக மடித்துத்தான் குப்பையில் போடுவார். பிறந்தது பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில். பத்தாவது முடித்ததும் தறி நெய்யும் வீரபாகு அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அக்கா கடை வேலைக்குப் போகத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

போன கார்த்திகையில் கடையில் வேலை செய்கிறவர்களோடு வேனில், உச்சியில் கோயில் இருக்கும் பர்வதமலைக்குப் போனார். காட்டுப் பாதை முழுக்க நன்றாகவே ஏறியிருக்கிறார். உச்சிக்கு முன்னால் செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்துச் சங்கிலி விட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. வேர்வையில் நனைந்த உடம்போடு அதில் பாதி ஏறியபோது காற்று பிடித்துக்கொண்டது. உடம்பு உதறி, விரல்கள் மரத்து, கம்பியைச் சுற்றி மூடவில்லை. பின்னால் நின்றவர்கள், "ஏறும்மா, இல்லன்னா ஒதுங்கும்மா" என்று கத்தினார்கள். ஒதுங்கி நின்று, கூட்டம் குறைந்ததும் இறங்கிவிட்டார்.

"மறுபடியும் போகணுங்கறியே, வேண்டுதல் ஏதாச்சும் இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சந்தியா. பாதியில திரும்பி வந்தது உறுத்திகினே இருக்குது. தை மாசம் மறுபடி போறாங்களாம். இந்த வாட்டி ஏறிடணும்."

ஒரு காரியத்தைச் செய்ய அவருக்கு இது போதும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். மேலே படிப்பதா, பரீட்சை எழுதுவதா, சென்னைக்குப் போய் வேலை தேடுவதா என்று யோசித்தே ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிகிறது; ஆசை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, அக்காவின் காரியத்தை என் காரியமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில், காற்றைத் தடுக்கட்டும் என்று, கடையில் பில் போடும் விஷால் தன் பைக் மழைக்கோட்டைக் கொடுத்தான். அக்கா அதைப் போட்டுக்கொண்டு எங்கள் மொட்டை மாடிப் படியில் வேகமாக ஏறி இறங்கினார். கழற்றியபோது அதன் உட்புறம் இட்லிப் பானை மூடி மாதிரி சொட்டியது.

"காத்து வராது. ஆனா நானே வெந்துடுவேன்" என்றார்.

அடுத்து, ஊட்டியில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். டேபிள் ஃபேன் முன்னால் நின்றார். பின்னலின் ஓட்டைகள் வழியே காற்று அப்படியே உள்ளே போயிற்று. பையில் வைத்தால் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை.

"குளிருக்கு இல்லக்கா, காத்துக்குத்தான் நமக்கு வேணும். வேர்வை வெளியே போகணும், காத்து உள்ளே வரக்கூடாது. வேணாங்கறப்போ கைக்குள்ள அடங்கணும்" என்றேன். போனில் படித்துப் படித்து எனக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது.

காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டையான விண்ட்சீட்டர் இரண்டு வரவழைத்தோம்; ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம். பார்சலைப் பிரித்தபோது வீரபாகு அண்ணன் தறியிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா சந்தியா, துணியை அவனே வச்சிகினு கவரை மட்டும் அனுப்பிட்டானா?"

அக்கா இரண்டையும் உள்ளங்கைகளில் ஏந்திப் பார்த்தார். கடைக்கு வருகிறவர்கள் புடவையை அப்படித்தான் ஏந்துவார்கள். கனம் தெரிந்ததும் அவர்கள் முகம் மலரும். அக்காவின் முகம் மலரவில்லை. "வெங்காயத் தோலு மாதிரி இருக்குது. இதுவா காத்தை நிறுத்தும்?"

"ஊதிப் பாருக்கா."

வாயில் வைத்து ஊதினார். முதலாவதில் மூச்சு தாராளமாக மறுபுறம் வந்தது. இரண்டாவதில் கன்னம் உப்பியது, கொஞ்சமாகக் கசிந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஃபேன் முன்னால் நின்றார், படி ஏறினார். உள்ளே லேசாக ஈரம். கொடியில் போட்டுவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. தலையை மூடத் தொப்பி இருந்தது, மணிக்கட்டில் எலாஸ்டிக் இருந்தது. பெரிய அளவாக எடுக்கலாம் என்றார் அண்ணன். தொளதொளவென்று இருந்தால் காற்றில் அடித்துக்கொள்ளும், கம்பியில் மாட்டும் என்று நான் சொன்னேன். அக்கா கையைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார். இடுப்பு தெரியவில்லை, தோள் இறுக்கவில்லை. "இதுவே இருக்கட்டும்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த விண்ட்சீட்டரின் மார்புப் பையே அதற்கு உறை. முழுச் சட்டையையும் அதற்குள் திணித்து ஜிப்பை இழுத்தால் கொய்யாப்பழம் அளவு ஆகிவிடும். நான் திணித்துக் காட்டியபோது அக்கா பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாடி பண்றே? துணியைப் போயி இப்படிக் கசக்கறே!"

"இது பட்டு இல்லக்கா. கசக்குறதுக்குன்னே செஞ்சிருக்காங்க."

"எதுவா இருந்தா இன்னா, துணி துணிதானே?"

என் கையிலிருந்து பிடுங்கி, உதறி, கைகளை உள்ளே மடக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். வழுக்கிக்கொண்டு விரிந்தது. மறுபடி மடித்தார். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்தார். நான் வாதாடவில்லை. சரியாகச் சொல்கிறேன் என்பதற்காகவே ஒருவரைத் தொந்தரவு செய்யலாமா என்று யோசித்தேன். அதற்குள் பை மூடப்பட்டுவிட்டது.

தை மாதம் வேனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. விடியும்போது ஏறத் தொடங்கினோம். மரங்கள் குறைந்து பாறை வந்த இடத்தில் முதல் காற்று அடித்தது. அக்கா பையை இறக்கினார். தண்ணீர், வாழைப்பழம், கற்பூரம், மாற்றுத் துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெள்ளைத் துணியை அவிழ்த்துப் போட்டுக்கொள்வதற்குள் காற்று நின்று வெயில் வந்துவிட்டது. கழற்றினார். பாறையில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து மடித்தார். இரண்டாவது மடிப்பில் காற்று திரும்பி வந்தது. சட்டை அவர் மடியிலிருந்து எழுந்து, கைகளை விரித்துக்கொண்டு பறந்து, சரிவில் ஒரு முள்புதரில் உட்கார்ந்தது.

விஷால்தான் இறங்கி எடுத்து வந்தான். கையெல்லாம் கீறல். "யக்கா, இது என்னா முகூர்த்தப் பட்டா? மடிச்சிகினு உக்காந்தீன்னா கடை சாத்துற நேரத்துக்குத்தான் மேல போவே. போட்டுத் திணிக்கா!"

மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மேலே கடப்பாரைகள் தெரிந்தன. அவற்றில் மனிதர்கள் எறும்பாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு சட்டையை மடியில் வைத்து, அதன் மார்புப் பையின் வாயைத் திறந்து, கட்டை விரலால் உள்ளே தள்ளினார். முதலில் மெதுவாக, ஓரமாகப் பார்த்துப் பார்த்து. பிறகு முஷ்டியால். ஜிப்பை இழுத்து, அதன் வளையத்தை முதுகுப் பையின் தோள்பட்டியில் மாட்டினார்.

"பாவம்" என்றார், யாரைச் சொன்னாரோ.

கடப்பாரைகளின் நடுவே இரண்டு பேர் நிற்கக்கூடிய ஒரு திட்டு இருக்கிறது. போன முறை அங்கேதான் நின்றுவிட்டாராம். அங்கே போய்ச் சேர்ந்தபோது எங்கள் முதுகு நனைந்திருந்தது. காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. அக்கா ஒரு கையால் சங்கிலியைப் பிடித்தபடி மறுகையால் ஜிப்பைத் திறந்தார். சட்டை தானாக வெளியே பொங்கியது. நான் பையைத் தாங்கிக்கொள்ள, ஒரு கையை நுழைத்து, சங்கிலியை மாற்றிப் பிடித்து, மறு கையை நுழைத்தார். தொப்பியை இழுத்துவிட்டார். நெற்றியைப் பாறையில் சாய்த்து அப்படியே நின்றார்.

"ஏறுங்கப்பா" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இருங்கப்பா, ஒரு நிமிஷம்" என்றேன்.

அக்கா தன் விரல்களை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதறல் மெல்ல மெல்ல அடங்கியது. "கை வருது சந்தியா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடப்பாரையைப் பிடித்தார். பிடி இறுகியது. நான் கீழே பார்க்காமல் அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது வீரபாகு அண்ணன் போன் செய்தார். காற்றுச் சத்தத்தில் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேங்க."

"மேலேர்ந்து இன்னா தெரியுது?"

அக்கா சுற்றிப் பார்த்தார். நான்கு பக்கமும் மேகம். கூட வந்தவர்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தார்கள்.

"ஒண்ணும் தெரியல. ஒரே வெள்ளையா இருக்குது."

"அதுக்கா இவ்ளோ தூரம் ஏறினே?"

"ஆமாங்க" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த ஒரு பாறையை நோக்கி நடந்தார்.