கூடலூரில் முளைத்த நெல்

ஐப்பசி மாதம், கூடலூர்ப் பக்கம் மூன்று நாள் அடைமழை விட்ட மறுநாள், காலை ஐந்தரை மணிக்குக் கெங்குவார்பட்டியில் பஸ் ஏறினேன். கூடலூர் எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். என் தங்கை செல்வி அங்கே இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் போனில், "மச்சான், நெல்லு முளைச்சிருச்சு" என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது; திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

அறுப்புக்கு நிற்கும் நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். அதை விற்கவும் முடியாது, ஆக்கித் தின்னவும் முடியாது. போன வருடம் பூக்கிற நேரத்தில் அடித்த வெயிலில் பாதி பதராகிவிட்டது. இந்தத் தடவையும் கெட்டால் குத்தகையை விட்டுவிடுவோம் என்று செல்வி சொல்லியிருந்தாள். எனக்குப் போனில் ஆறுதல் சொல்ல வராது. நேரிலும் வராதுதான். ஆனாலும் கிளம்பினேன்.

தேனியில் ஏழு மணிக்குக் கம்பம் வழியாகப் போகும் கூடலூர் பஸ். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். பக்கத்தில் சின்னமனூர் உரக்கடைக்காரர் ஒருவர். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்கன போறீக?"

"கூடலூருக்கு."

"துட்டிக்கா? எழவு வீட்டுக்குப் போற மொகமா இருக்கே."

"இல்லைங்க. தங்கச்சி வயல்ல நெல்லு பாக்க."

"இந்த வருசம் ரெண்டும் ஒண்ணுதேன்" என்று சிரித்தார்.

வீரபாண்டி தாண்டியதும் வயல்கள் தெரிந்தன. பல இடங்களில் நெல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "பூக்கையில வெயிலு, அறுக்கையில மழை. வானம் நம்ம வேலை நாளை மோப்பம் பிடிச்சுல்ல வருது" என்றார் கடைக்காரர். சின்னமனூரில் இறங்கும்போது, "படுத்த பயிரு கெடக்கட்டும். நெல்லுக் கருது தண்ணிக்கு மேல இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடலூரில் இறங்கி, லோயர் கேம்ப் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவில் போனேன். பதினைந்து ரூபாய். மணி ஒன்பதரை. வாய்க்கால் ஓரம் செல்வி மண்வெட்டியோடு நின்றாள். பஸ்ஸில் தயார் செய்து வந்ததைச் சொன்னேன்.

"விடு ஆத்தா. அடுத்த போகம் பாத்துக்கிரலாம்."

"எதை விட?"

"நெல்லு முளைச்சிருச்சுன்னு மாப்பிள்ளை சொன்னாகளே."

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சத்தம் போட்டாள். "ஏங்க, இங்கன வாங்க! எங்கண்ணன் சொல்றதைக் கேளுங்க!"

மாப்பிள்ளை சேற்றுக் காலோடு ஓடி வந்தார். "அய்யய்யோ, அது நாத்தங்கால் நெல்லு மச்சான்! ரெண்டாம் போகத்துக்கு விதைச்சது. மழையில அழுகிருமோன்னு பயந்து கெடந்தோம். முளைச்சிருச்சேன்னு சந்தோசத்துல உங்களுக்குத்தேன் மொத போனு போட்டேன்."

"நல்ல சேதி சொன்னதுக்கு எம்பது கிலோமீட்டர் துக்கத்தைச் சுமந்துட்டு வந்திருக்காக" என்றாள் செல்வி.

அறுப்பு நெல்லையும் போய்ப் பார்த்தேன். பள்ளமான ஒரு மூலையில் கதிர்கள் தண்ணீரில் கிடந்து, வெள்ளை வெள்ளையாய் நிஜமாகவே முளைவிட்டிருந்தன. மற்றவை சாய்ந்திருந்தாலும் கதிர் நனைந்து கிடக்கவில்லை. மழை பெய்யும்போதே இருவரும் வரப்பை நாலு இடத்தில் வெட்டித் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தேன். கடுக்கென்று உடைந்தது; உள்ளே அரிசி கெடவில்லை.

இரண்டு மணிக்கு பெல்ட் போட்ட அறுப்பு மிஷின் வந்தது. டயர் மிஷின் இந்தச் சேற்றில் புதைந்துவிடும். சாய்ந்த நெல் என்பதால் மெதுவாக, ஒரே திசையில் மட்டும் அறுத்தது. வழக்கத்தைவிடக் கால் பங்கு குறையும் என்றார் மாப்பிள்ளை. குறையட்டும், முழுக்கப் போகவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பும்போதுதான் அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது. "குத்தகையை என்ன செய்யப் போற?"

"நாத்து முளைச்சிருச்சேண்ணே. அதை வேற எங்கன கொண்டுபோய் நட?"

எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய் இன்னும் நிறையவில்லை. மழை எப்போது வரும் என்று நாங்கள் பார்க்கிறோம், இங்கே எப்போது விடும் என்று பார்க்கிறார்கள். திரும்பும் பஸ்ஸில் இதை யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கம்பம் வருவதற்குள் தூங்கிப்போனேன். தேனியில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.