லெட்சுமி அக்கா புக்கில் எழுதிய ‘நான்’

டிரையரில் தேயிலைத் தூள் கருகிய அன்று, முதல் ஆளாக லெட்சுமி அக்காவைத்தான் ஆபிசுக்குக் கூப்பிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது.

பிள்ளைகளே, நான் ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு டீ ஃபேக்டரியில் வயர்மேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டவன். C ப்ரோக்ராம் படிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் பேனல் கெட்டுப்போய், கெட்டுப்போய்த்தான்.

டிரையர் என்பது தேயிலையைச் சூடான காற்றில் காய வைக்கும் மெஷின். சூடு கூடினால் அதன் கண்ட்ரோல் பேனல் மணி அடித்து பர்னரை நிறுத்த வேண்டும். அன்று மணி அடிக்கவில்லை. ‘எல்லாம் சரி’ என்று காட்டும் பச்சை லைட் அது பாட்டுக்கு எரிந்தது. தூள் கரியாகிவிட்டது.

அரை மணிக்கு ஒரு தடவை பேனலில் காட்டும் சூட்டைப் பார்த்து புக்கில் எழுதுவது அக்காவின் வேலை. அவருக்கு எழுத வருவது தமிழ்தான். துரை என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜர் புக்கைத் திறந்தார். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் மூன்று வரிக்கு ‘நான், நான், நான்’ என்று இருந்தது.

“என்னம்மா இது? சூடு எவ்வளவுன்னு கேட்டா ‘நான்’னு எழுதி வெச்சிருக்க? விளையாட்டா?”

“பேனல்ல அப்படித்தாங்க துரை இருந்துச்சு. என், ஏ, என். அதத்தான் தமிழ்ல எழுதுனேன்.”

பேனலுக்கு ப்ரோக்ராம் எழுதிய இன்ஜினியர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். சிரித்தார்.

“சென்சர் கோளாறா இருந்தா nan வரும், சரி. வந்தா மணி அடிக்கணும் லா. நான் செக் போட்டிருக்கேன். மணி அடிக்கல, அப்போ nan வரல. இவங்க தூங்கியிருப்பாங்க, பாஸ்.”

அவ்வளவுதான். அக்காவை மலைச்சரிவில் கொழுந்து பறிக்க மாற்றுவதாக லெட்டர் டைப் ஆனது. முழங்காலில் ஆபரேஷன் செய்தவர் அவர். சரிவில் ஒரு வாரம் தாங்க மாட்டார். அது துரைக்கும் தெரியும்.

நான் பேனலின் ப்ரோக்ராமைத் திறந்தேன். இன்ஜினியர் சொன்ன செக் இருக்கத்தான் செய்தது:

if (temp == NAN)

nan என்றால் ‘இது எண்ணே இல்லை’ என்று அர்த்தம். சென்சர் வயர் விட்டுப்போனால் கணக்கு மைனஸில் போகும். சூட்டைக் கண்டுபிடிக்க அந்தக் கணக்கில் log போட வேண்டும்; மைனஸ் எண்ணுக்கு log கேட்டால் C-யின் கணக்கு லைப்ரரி nan என்றுதான் பதில் தரும். இந்த nan எதற்கும் சமமாகாது. தனக்குத்தானேகூடச் சமமாகாது! அப்படியிருக்க, ‘சமமா?’ என்று கேட்கும் == போட்ட அந்த வரி எந்தக் காலத்திலும் மணி அடிக்காது. ‘எல்லையைவிடப் பெரிதா?’ என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். உடனே பச்சை லைட்.

துரையையும் இன்ஜினியரையும் டிரையருக்குக் கூட்டிப்போய், அவர்கள் கண்ணெதிரில் சென்சர் வயரைப் பிடுங்கினேன். பேனலில் nan என்று வந்தது. பச்சை லைட் எரிந்தது. மணி ஊமை.

பிறகு வயரை மாட்டி, அந்த வரியில் ‘இது nan-ஆ?’ என்று கேட்கும் isnan(temp) என்று மாற்றி ஏற்றினேன். மறுபடி பிடுங்கினேன். மணி காதைப் பிளந்தது.

“சின்ன மிஸ்டேக்தானே, அண்ணே,” என்றார் இன்ஜினியர்.

“சின்னதுதான் தம்பி. அதுக்கு அக்கா முழங்கால் என்ன பண்ணுச்சு?”

துரை லெட்டரைக் கிழித்துப் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அந்த இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை.

உங்களில் யாராவது ப்ரோக்ராம் எழுதும் வேலைக்குப் போனால் isnan போடுங்கள். எல்லையில்லாத எண்ணும் (infinity) வரக்கூடும் என்றால் isfinite போடுங்கள், அது இரண்டையும் பிடிக்கும். போட்டதோடு விடாதீர்கள். வயரைப் பிடுங்கி, மணி அடிக்கிறதா என்று உங்கள் காதால் கேளுங்கள். இதை நான் சொல்வதைவிட, அன்று மணி அடித்த பிறகு லெட்சுமி அக்கா புக்கை மூடிக்கொண்டே அந்த இன்ஜினியரிடம் சொன்னதுதான் சரி:

“நான் பாத்தத எழுதுனேன், தம்பி. நீதான் பாக்காமலே எழுதிட்ட.”