கடலுக்கடியில் ஒரு வாசற்படி

நான் நெய்வேலிக்கு வேலைக்கு வந்த புதிது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குப் பூகோளம் எடுத்தேன். அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா பாடம். கரையில் எரிமலை. தரை தாழ்ந்து, பழைய ரோமானிய ஊர் ஒன்று அங்கே கடலுக்குள் போய்விட்டது. பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டினேன். வாசற்படியில் ஆக்டோபஸ் ஒன்று சுருண்டிருந்தது. சுவரோரம் மீன்கள் மேய்ந்தன.

“வாழ்ந்த வீடு இப்படிப் போயிட்டா எப்படி இருக்கும்? கற்பனை பண்ணிச் சொல்லுங்க” என்றேன்.

பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் செல்வி எழுந்தாள்.

“அங்க வாசப்படியாவது இருக்குதுங்க டீச்சர். எங்க வூடு இருந்த எடத்துல வெறும் பள்ளந்தான்.”

“நிலக்கரி மைன்ஸுக்கு எடுத்துட்டாங்களா?”

“ஆமாங்க. நெலத்துக்குப் பதிலா அப்பாவுக்கு வேலை குடுத்தாங்க. மண்ணு வெட்டுற மெஷின் ஓட்டிக்கினு இருக்காரு.” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “எங்க வூட்டு எடத்தை வெட்டுன அன்னிக்கு அவருக்குத்தாங்க ஷிப்ட்டு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் வேறு யாரும் அதிர்ந்ததாகவே தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மாலையில் குவார்ட்டர்ஸுக்கு வந்து அடுப்பில் சுரங்கத்து நிலக்கரியை அள்ளிப் போட்டேன். இது யார் வீட்டுக்கு அடியில் கிடந்ததோ என்று தோன்றியது. வெகுநேரம் பற்றவைக்கவே மனசு வரவில்லை.