தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கொரட்டூர் ரயிலடியில் வந்து இறங்கிய வருஷம், எனக்கும் தம்பிக்கும் அம்மை வார்த்தது. எனக்கு எட்டு வயது, அவனுக்கு நாலு.

அம்மை வார்த்த வீட்டில் தாளிக்கக் கூடாது. புறப்படுகிறவர்களைப் போய் வா என்று சொல்லக் கூடாது. அழவும் கூடாது. திருவேற்காட்டு அம்மனே வீட்டுக்குள் வந்திருக்கிறாள். அவள் எதிரில் அழுதால் கோபித்துக்கொண்டு மற்ற பிள்ளையையும் எடுத்துக்கொள்வாள் என்பார்கள். எனக்கு அந்த அம்மன்மேல் இன்றுவரை கோபம்தான். பெற்றவளை அழவாவது விட்டிருக்கலாம்.

தம்பி ஒரு காலையில் செத்துப்போனான். நான் வேப்பிலைப் படுக்கையில் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். கையால் துழாவினால் பக்கத்து இடம் காலி.

"தம்பி எங்கம்மா?"

"மாமா ஊட்டுக்குப் போய்க்கீறான். நீ தூங்கு கண்ணு."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மாமா வீட்டில் நுங்கு வெட்டும் காலம் அது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேளம் இல்லை, கூட்டம் இல்லை. அப்பா அவனைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய்க் கழனி மூலையில் புதைத்துவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி தாங்காமல் விசும்பிவிட்டாள். அம்மா அவள்மேல் பாய்ந்தாளாம்: "எம் பொண்ணு உள்ள கீது. அழறதுன்னா உன் ஊட்ல போய் அழு!" இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது.

எனக்கு அம்மை இறங்கி, கடைசித் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வெயிலில் வைத்த அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. அம்மா நிதானமாக ஊற்றி, தலை துவட்டி, பாவாடை கட்டிவிட்டாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நல்லா பாரு. எங்கனா பாக்கி கீதா?"

அப்பா என் உள்ளங்கை, உள்ளங்கால், காதின் பின்புறம் எல்லாம் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. அம்மன் எறங்கிட்டா."

அம்மா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, எம் மவனே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். காத்திருந்தவர்கள்போலத் தெருப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் விரட்டிய பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வந்தாள்.

அதுவரை மாமா வீட்டில் நுங்கு தின்றுகொண்டிருந்த என் தம்பி எனக்கு அன்றைக்குத்தான் செத்தான்.