கொச்சிக் கப்பலில் வசந்தியின் பிளவுஸ்

காலை 9.40. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆட்டோ வந்து நின்றது. நான் மூன்று பெட்டிகளை ஏற்றினேன். ஓட்டுநர் கிராண்ட்பாஸ் பக்கத்துக்காரர். பெட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தினை மாசம் போறீங்கம்மா?"

"நாலு இரவுதான் தம்பி. கப்பல்ல கொச்சிக்குப் போய்த் திரும்பி வாறம். அங்க நேரத்துக்கொரு உடுப்பு."

"எங்க வீட்டுல கல்யாணத்துக்கே ஒரு பெட்டிதான்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பெட்டி அடுக்கியே களைத்துப் போயிருந்தேன். கப்பல்காரர் அனுப்பிய கடதாசியில் உடுப்புக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பகலில் விருப்பம்போல் உடுக்கலாம். மாலை ஆறு மணிக்குப் பிறகு பெரிய சாப்பாட்டு மண்டபத்தில் அரைக்காற்சட்டை, ரப்பர் செருப்பு, வீட்டு உடுப்பு கூடாது. இரண்டாம் நாள் விருந்து இரவு. அன்றைக்கு ஆண்கள் கோட் அணிய வேண்டும், பெண்கள் மாலை உடையோ தேசிய உடையோ அணிய வேண்டும். முப்பத்தொரு வருடம் பாடசாலை அலுவலகத்தில் சுற்றுநிருபம் வாசித்தவள் நான். அந்தப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்கு ஆட்டோக் கட்டணம் ஆயிரத்து நூறு ரூபாய், வாகன நெரிசலில் ஐம்பத்தைந்து நிமிடம். தங்கை வசந்தி ஒரேயொரு கைப்பெட்டியுடன் வாசலில் நின்றாள். வயது ஐம்பத்தேழு, என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுடைய கணவர் துறைமுகத்தில் இன்னும் வேலையில் இருக்கிறார். "நாள் முழுக்கக் கப்பலத்தானே பாக்கிறன், எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். பயணச்சீட்டுகளை வாங்கி அனுப்பியவன் கனடாவில் இருக்கும் அவளுடைய மகன். நான்கு வருடத்துக்கு முன் வசந்திக்கு மார்பில் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை நடந்தது. அக்குளிலிருந்தும் சில நிணநீர்க் கட்டிகளை எடுத்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் வலது கை வீங்கியது வீங்கியபடியே நின்றுவிட்டது. அதைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் கதைப்பதில்லை.

மாலை 5.15. கப்பல் புறப்பட்டது. அதற்கு முன் வரிசையில் நின்றது இரண்டரை மணி நேரம், கடவுச்சீட்டை நீட்டியது ஐந்து தடவை. எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு நான்கு அடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மேல் தளத்துக்குப் போனோம். அலைத்தடுப்பைக் கடந்ததும் முகத்துவாரம் பக்கத்து மீன்பிடிப் படகுகள் தெரிந்தன. கட்டடங்களுக்கு மேலே தேவாலயக் கோபுரத்தைக் கண்ட வசந்தி, "என்ர வீடு அதுக்குப் பின்னால" என்று இடது கையால் காட்டினாள்.

இரவு 7.00. எங்கள் மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் வத்தளையைச் சேர்ந்த அன்டன். தைத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்காற்சட்டையோடு வந்ததால் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, நீளக் காற்சட்டையில் மறுபடி வந்திருந்தார்.

"இருவத்தேழு வருஷமா வெள்ளைக்காரனுக்குக் கோட் தைச்சு அனுப்பினனான் அக்கா. ஒரு நாளும் போட ஆசைப்படேல்ல. காசு குடுத்து ஏறின கப்பல்ல முழங்காலுக்குக் காத்துப் படக் கூடாதாம்!"

மற்றவர் பணக்காரர் வாழும் கொழும்பு ஏழிலிருந்து தனியாக வந்த மிசிஸ் டயஸ். எழுபதைத் தாண்டியவர், முத்துமாலை அணிந்திருந்தார், பேச்செல்லாம் ஆங்கிலம்தான். அவர் அன்டனைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "என் கணவர் போன பிறகு நான் தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறேன். தலை சீவ ஒரு காரணம் வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கப்பலுக்கு வந்தேன். நீங்கள் எல்லோரும் அரைக்காற்சட்டையில் வந்தால் நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம்."

எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது. வசந்தி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் முழுவதும் கடல். காலையில் நடக்க ஓர் உடுப்பு, மதியத்துக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று. மூன்றாவது தடவை மாற்றும்போது எனக்கு முதுகு வலித்தது. ஒலிபெருக்கி அரைமணிக்கு ஒரு தடவை எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பகல் உணவு வரிசையில் சென்னையைச் சேர்ந்த ஓர் இளம் தாய் மூன்று பிள்ளைகளைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தாள். "டிரஸ் கோடாவது ஒண்ணாவது, இந்த ஏசிக்கு ஸ்வெட்டர்தாங்க டிரஸ்" என்றாள். சேலை ஒன்றை அயன் பண்ணித் தர ஆறு டொலர். அறையில் அயன் பெட்டி வைத்திருக்க அனுமதி இல்லை. வசந்தி இதில் எதையும் கவனிக்கவில்லை. வீட்டில் போடும் கை அகன்ற பருத்தி ஹவுஸ்கோட்டில், வலது கையைத் தலையணையில் வைத்தபடி, மதியம்வரை படுத்திருந்தாள்.

மாலை 6.20. விருந்து இரவுக்கு வசந்தியை உடுத்தினேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பட்டுச் சேலையும் பிளவுஸும் என்னுடைய அன்பளிப்பு. தைக்கக் கொடுப்பதற்காக அவள் இரண்டு கைகளின் சுற்றளவையும் எழுதித் தந்திருந்தாள். இடது பதினொன்று அங்குலம், வலது பதினைந்தரை. வெள்ளவத்தைத் தையல்காரர் கடதாசியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கையும் வேற வேறயா வருமே?" என்று கேட்டார். கப்பலில் எடுக்கும் படத்தில் அது தெரியும் என்று நினைத்தேன். "ரெண்டையும் பன்னிரண்டரையில தையுங்கோ" என்று சொன்னது நான்.

"அக்கா, எனக்கு இது ஏலாது. ஏறுதில்ல."

"கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளு. ரெண்டு மணித்தியாலம்தானே."

"இறுக்கமா ஒண்டும் போட வேணாமெண்டு டொக்டர் சொன்னவர்."

"ஒரு இரவில ஒண்டும் ஆகாது வசந்தி. எல்லாரும் உடுத்திக்கொண்டு வருவினம்."

முகப்பவுடரைத் தடவி வழுக்கவைத்து அந்தக் கையை உள்ளே தள்ளினேன். படிக்கட்டில் படம் எடுத்தார்கள். அழகாக இருந்தாள். உண்மையாகவே அழகாக இருந்தாள்.

கோட் போட மனமில்லாத அன்டன் அன்று மேசைக்கு வரவில்லை. சூப் முடிந்தது. மீன் வந்தபோது அவள் முள்ளுக்கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். மிசிஸ் டயஸ்தான் சொன்னார், "உங்கள் தங்கையின் விரல்களைப் பாருங்கள்" என்று. ஐந்து விரல்களும் கருநீலமாகப் பருத்து, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. வசந்தியின் மேலுதடெல்லாம் வியர்வை.

பெண்கள் கழிவறைக்கு ஓடினோம். பிளவுஸ் ஏற மறுத்ததுபோலவே கழலவும் மறுத்தது. பின்னாலேயே வந்த மிசிஸ் டயஸ் கைப்பையிலிருந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்தார். முழங்கையிலிருந்து தோள்வரை பட்டுத் துணியை வெட்டினார். துணி விலகியதும் வசந்தி அழுதுவிட்டாள், வலியிலா நிம்மதியிலா தெரியவில்லை. கையைச் சுற்றி ஆழமான சிவப்புப் பள்ளம். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம்.

"உங்கள் தையல்காரரை மாற்றுங்கள்" என்றார் மிசிஸ் டயஸ்.

"அவர் பாவம், நல்ல மனுசன்" என்றாள் வசந்தி. "அளவை மாறி வாசிச்சிருப்பார்."

நான் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தேன்.

கப்பல் மருத்துவர் எலும்பும் இரத்த ஓட்டமும் சரி என்றார். இரண்டு நாளைக்குக் கையை உயர்த்தி வைக்க வேண்டும், இறுக்கமாக எதுவும் படக் கூடாது, சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். கொச்சியில் இறங்கி நடப்பது நல்லதல்ல என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை 7.30. கொச்சி. கரையோரம் சீன மீன்வலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது மணிக்குள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அந்தப் பெரிய தளத்தில் நாங்கள் இரண்டு பேரும் துடைப்பக்காரர் ஒருவரும்தான். வசந்தி நீல ஹவுஸ்கோட்டில் சாய்கதிரையில் இருந்தாள், கைக்குக் கீழே இரண்டு தலையணை. மகன் அனுப்பிய பயணம் என்னால் இந்தக் கதிரையோடு முடிந்தது. பயணிகள் படகு ஒன்று எங்களைக் கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"தையல்காரர் பிழை விடேல்ல. நான்தான் குறைச்சுத் தைக்கச் சொன்னனான்."

அவள் திரும்பினாள். "ஏன்?"

"ரெண்டு கையும் ஒண்டாத் தெரியட்டும் எண்டு."

கைக்குக் கீழிருந்த தலையணையைச் சரிசெய்தாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்: "நாலு வருஷமா எல்லாரும் என்ர முகத்தை மட்டும் பாத்துக் கதைக்கிறீங்கள். அவர், மகன், நீ, எல்லாரும். கை பெருசாத்தான் இருக்கு அக்கா. அது எனக்குத் தெரியும். நீ மறைச்சது எனக்காக இல்ல."

மதியச் சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன். அவள் எழுந்து போய்த் தானே வேறு தட்டு எடுத்துக்கொண்டாள்.

இரவு 7.00. மேல் தளத்து உணவகத்துக்கு எந்த உடுப்பிலும் போகலாம். அங்கே போவோமா என்று கேட்டேன். "நான் கீழ மண்டபத்திலதான் சாப்பிடப் போறன்" என்றாள். அதே நீல ஹவுஸ்கோட், ரப்பர் செருப்பு. நான் பின்னால் நடந்தேன். வாசலில் நின்ற பணியாளர் மிக மரியாதையாக, "மேடம், மேல் தளத்தில் உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்குப் பின்னால் கோட்டும் சேலையுமாக நீண்ட வரிசை.

வசந்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"என் தங்கைக்குப் புற்றுநோய் வந்து சுகமாகிவிட்டது" என்றேன். வரிசை முழுவதற்கும் கேட்டிருக்கும். "அதனால் அவளுடைய வலது கை வீங்கியிருக்கிறது. இந்த உடுப்பைத்தான் அவளால் போட முடியும். அவள் இங்கேதான் சாப்பிடுவாள்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு எங்களுக்கு முன்னால் நடந்துபோய்க் கதிரையை இழுத்துத் தந்தார்.

மேசையில் அன்டன் கழுத்துப்பட்டியோடு இருந்தார். "என்ன அநியாயம் இது! இண்டைக்குத்தான் நான் திருந்தி வந்தனான், நீங்க ஹவுஸ்கோட்டோட வாறீங்க!" என்றார். வசந்தி சத்தமாகச் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது மிசிஸ் டயஸை நினைத்துத்தான். அவர் கண்ணாடியைச் சரிசெய்து வசந்தியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீலம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது. ஆனால் தலையை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சீவியிருக்கலாம்" என்றார்.

நான்காம் நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கடல், ஒலிபெருக்கி, தேநீர். நான் அன்று முழுவதும் ஒரே உடுப்பில் இருந்தேன். வசந்தி என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை 6.30. கொழும்பு. இறங்க மறுபடி வரிசை, மறுபடி கடவுச்சீட்டு. என்னிடம் விபரம் கேட்டுப் போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கப்பல் சுத்தம், சாப்பாடு தாராளம், அலை அவ்வளவு ஆட்டாது. உடுப்பு பாதி போதும். நான் கொண்டுபோன மூன்று பெட்டிகளில் ஒன்றைத் திறக்கவே இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் கடைக்குப் போகும்போதும் யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துத்தான் உடுக்கிறோம். அதையே கப்பலில் கடதாசியில் அச்சடித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

8.50க்கு ஆட்டோ கொட்டாஞ்சேனையில் நின்றது. வசந்தியின் பெட்டியை நான் இறக்கி வைத்தேன். அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் திரும்பி ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கவும் அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"எங்க போறாய்? இறங்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"நீ களைச்சுப் போயிருக்கிறாய். இன்னொரு நாளைக்கு வாறன்."

"அவரும் வேலைக்குப் போயிட்டார்" என்றாள். வலது கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். "தண்ணி நிரம்பின கேத்தலை எனக்குத் தூக்க ஏலாது அக்கா. வந்து தூக்கித் தா."

நான் இறங்கினேன்.