ரேஸ் வண்டிக்கு லைட் போடச் சொன்னேன்

இன்று பந்தல்குடி ஒர்க்‌ஷாப்பில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வீட்டுக்காரர் தன் ரேஸ் பைக்கைக் காட்டில் ஓட்டுவதற்கேற்ப மாற்றுகிறார். குழந்தை பிறந்ததும் ரேஸை விட்டுவிட்டார். அதிலிருந்து பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டுத் தடத்தில் மட்டும்தான் ஓட்டுகிறார்.

மெக்கானிக் அண்ணன் முதலில் வண்டியில் இல்லாத ஸ்டாண்டைப் பொருத்தினார். கையை முள் கிழிக்காமலிருக்க ஹேண்டில்பாரின் இருபுறமும் தகரத்தை வளைத்து மாட்டினார்.

"காட்டுக்குள்ள இம்புட்டு வேகம் ஆகாது" என்று பின்சக்கரத்துப் பல்சக்கரத்தையும் மாற்றினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ரேஸ் வண்டியில் லைட் கிடையாது. "அண்ணே, அதையும் போட்டுருங்க" என்றேன்.

"தங்கச்சி வெவரம்தான்" என்று சிரித்தார்.

வீட்டுக்காரருக்கு என்னைவிடச் சந்தோஷம். "இனிமே பொழுதடையிறதுக்குள்ள வீட்டுக்கு ஓடியார வேண்டியதில்லண்ணே. இருட்டுனப்புறமும் ஓட்டலாம்!"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

லைட் இல்லாததால்தான் மனிதர் இத்தனை நாளும் இருட்டுமுன் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் குறையை நானே தீர்த்துவைத்தேன்.

இப்படி அக்கறையாக யோசனை சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் பேச்சுத்துணையாக இருக்கும்.